முதல்ல சாக்ஸ எண்ணுங்க, அப்புறம் சாக்கெட்டத் தொடுங்க

செயற்கைக் கால் பொருத்துற வேலைல இருக்கேன்னு யார்கிட்டயாவது சொன்னா அடுத்த கேள்வி பாதத்தப் பத்தியோ முட்டியப் பத்தியோதான் வரும். "அந்த ஓட்டப்பந்தயத்துல போடுவாங்களே வளைஞ்ச பிளேடு, அது நீங்க பண்ணுவீங்களா?" "கம்ப்யூட்டர் வச்ச முட்டி எல்லாம் வந்துருச்சாமே?" வந்துருச்சுங்க, 1997லயே சி-லெக் வந்துருச்சு, உள்ள ஒரு மைக்ரோபிராசசர் உக்காந்துகிட்டு ஒவ்வொரு அடியையும் பாத்துப் பாத்து முட்டி எவ்ளோ இறுக்கமா இருக்கணும், எவ்ளோ இளகணும்னு மாத்திக்கிட்டே இருக்கும், அருமையான சாமான்தான், நான் ஒண்ணும் குறை சொல்லல. ஆனா சாக்கெட் சரியா உக்காரலன்னா அவ்ளோ நல்ல முட்டியையும் கதவுக்குப் பின்னாடி சாத்தி வச்சுட்டு ஊன்றுகோல எடுத்துக்கிட்டு போயிருவாங்க. வலிக்கிற கால யாரும் போட மாட்டாங்க, அது எவ்ளோ விலையா இருந்தாலும் சரி.

சாக்கெட்னா வெட்டினது போக மிச்சம் இருக்குற கால், அதாவது நாங்க ஸ்டம்ப்னு சொல்றது, உள்ள போயி உக்கார்ற கூடு. உடம்பும் சாமானும் ஒண்ணையொண்ணு தொடுற இடம் அது மட்டும்தான். மொத்த எடையும் அது வழியாத்தான் கீழ இறங்கணும், ஆனா கெண்டைக்கால் தோலு எடை தாங்கிப் பழகினது இல்ல, உள்ளங்கால்ல இருக்குற மாதிரி தடிச்ச தோலும் கொழுப்பு மெத்தையும் அங்க கிடையாது. அப்ப என்ன பண்றது, எங்கெங்க அழுத்தினா தாங்குமோ அங்க அழுத்தணும், எங்க தாங்காதோ அங்க வழி விடணும். முட்டிக்குக் கீழ வெட்டின காலுன்னா முட்டிச்சில்லுக்கு நேர் கீழ இருக்குற தசைநாண் நல்லா தாங்கும், கெண்டைக்கால் முன் எலும்போட உள்பக்கம் மேல அகலமா விரியற இடம் தாங்கும், முன்பக்கம் எலும்புக்கு வெளிப்புறமா இருக்குற சதை தாங்கும். வெளிப்பக்கம் மேல ஒரு குமிழ் மாதிரி தட்டுப்படுதே, ஃபிபுலா ஹெட், அது தாங்கவே தாங்காது, அதுக்குக் கொஞ்சம் கீழ ஒரு நரம்பு எலும்ப ஒட்டிச் சுத்திக்கிட்டு போகுது, அதுவும் தாங்காது. முன் எலும்போட கூர் விளிம்பு தாங்காது, அறுத்த முனை சுத்தமா தாங்காது.

இந்த வரைபடத்த வச்சுத்தான் 1950கள்ல கடைசில கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட பெர்க்லி வளாகத்துல பிடிபி சாக்கெட்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க, முட்டிச்சில்லு தசைநாண் மேல ஒரு மேடு வச்சு அதுல எடைய வாங்குறது. அதுக்கப்புறம் சிலிகான் லைனர் வந்துச்சு. 1980கள்ல ஐஸ்லாந்துக்காரர் ஒருத்தர், ஆஸர் கிறிஸ்டின்சன், உருட்டி மாட்டுற சிலிகான் உறை ஒண்ணு செஞ்சாரு, அவரே செயற்கைக் கால் செய்றவரு, அவரே செயற்கைக் கால் போட்டவரும்கூட, அதனாலதான் அது அவருக்குத் தோணியிருக்குன்னு நான் நினைக்கிறேன். லைனர் வந்ததும் ஒரு சில இடத்துல மட்டும் அழுத்தாம மொத்தப் பரப்புலயும் எடையப் பரப்பி விடற சாக்கெட் சாத்தியமாச்சு. ரெண்டு வகையும் இன்னிக்கும் நடப்புல இருக்கு. எது நல்லதுன்னு கேட்டா அந்த ஸ்டம்பப் பாக்காம பதில் சொல்ல முடியாது.

அளவெடுக்குற அன்னிக்கு அழியாத பென்சில்ல இந்த இடமெல்லாம் குறிச்சு மேல பிளாஸ்டர் துணி சுத்துவோம், காயறதுக்குள்ள ரெண்டு கட்டைவிரலாலயும் தசைநாணுக்கு ரெண்டு பக்கமும் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும், பேஷண்ட் அசையாம இருக்கணும், நாமளும் அசையக்கூடாது, விரல் மரத்துப் போயிரும். அப்புறம் அதுக்குள்ள பிளாஸ்டர் ஊத்தி அச்செடுத்து அரத்த வச்சு அழுத்த வேண்டிய இடத்துல செதுக்குறது, வழி விட வேண்டிய இடத்துல மேல பூசறது. இப்பல்லாம் ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்லயே செதுக்குறாங்க, நல்லா வருது, ஆனா கையால பிடிச்சுப் பாக்கும்போது இந்த சதை எவ்ளோ கெட்டி, எங்க தொட்டா இவங்க முகம் சுளிக்குதுன்னு தெரியுமே, அத ஸ்கேனர் சொல்லாது. ஸ்கேன் பண்றவங்களும் முதல்ல தொட்டுப் பாத்துட்டுப் பண்ணினா பிரச்சனையே இல்ல.

எனக்கு இந்த வேலைல ரொம்பப் பிடிச்ச கட்டம் ட்ரையல் சாக்கெட். கண்ணாடி மாதிரி தெளிவான பிளாஸ்டிக்ல முதல்ல ஒண்ணு செஞ்சு போட்டுப் பாப்போம். எழுந்து நிக்க வச்சுட்டு கீழ தரைல உக்காந்து டார்ச் அடிச்சுப் பாத்தா உள்ள தோல் கலர் மாறுறது தெரியும், அழுத்தம் அதிகமான இடத்துல ரத்தம் விலகி வெளுத்துரும். தசைநாண் மேல லேசா வெளுத்தா சரி, எதிர்பாத்ததுதான். ஃபிபுலா குமிழ் மேல சின்ன வெள்ளை வட்டம் தெரிஞ்சா அங்க ஹீட் கன், அதாவது சூடான காத்து ஊதற சாமான், அதக் காட்டி பிளாஸ்டிக்க இளக்கி வெளிய தள்ளணும். அடில முனை தொடுதா இல்ல வெத்து இடம் இருக்கான்னு பாக்க ஒரு சின்ன களிமண் உருண்டைய உள்ள போட்டுட்டு நிக்கச் சொல்லுவோம், எடுத்துப் பாத்தா உருண்டை அப்படியே உருண்டையா இருந்துச்சுன்னா முனை தொடல, காகிதம் மாதிரி தட்டையாயிருச்சுன்னா முனைல எடை விழுது, ரெண்டுமே ஆகாது. கொஞ்சமா அமுங்கி இருக்கணும். முனை தொடாம அந்தரத்துல தொங்கினா என்னன்னு கேக்கலாம், அங்க நீர் தேங்கும், தோல் கறுத்துத் தடிச்சு மரு மரு மாதிரி ஆயிரும், அது வந்துட்டா ஆத்தறது பெரிய பாடு. சாக்கெட் தெளிவா இல்லாட்டி இன்னொரு வழி இருக்கு, வலிக்குதுன்னு சொல்ற இடத்துல லிப்ஸ்டிக் தடவி காலப் போட வச்சு நடக்க வச்சுக் கழட்டினா சாக்கெட்டுக்கு உள்ள எந்த இடத்துல ஒட்டியிருக்கோ அதுதான் இடிக்கிற இடம். டிராயர்ல எப்பவும் ஒரு சிவப்பு லிப்ஸ்டிக் இருக்கும், புதுசா வர்றவங்க அதப் பாத்துட்டு ஒரு மாதிரி பாப்பாங்க.

இவ்ளோ பாத்துப் பண்ணிக் குடுத்த சாக்கெட் கொஞ்ச நாள்லயே வலிக்கும். இதத்தான் நிறைய பேர் புரிஞ்சுக்கறது இல்ல, பேஷண்டும் சரி, வீட்டுல இருக்குறவங்களும் சரி, "போன மாசம்தான சார் செஞ்சோம்"னு வருவாங்க, அவங்க முகத்துல ஏமாந்துட்டோமோங்கற கேள்வி இருக்கும். செஞ்சது தப்பில்ல, ஸ்டம்ப் மாறிருச்சு. அறுவை முடிஞ்சு முதல் ஒரு வருஷம் ஒன்றரை வருஷம் அது சுருங்கிக்கிட்டே இருக்கும், வீக்கம் வத்தும், வேல இல்லாத சதை இளைக்கும். அது போக ஒரே நாளைக்குள்ளயே மாறும், காலைல எழுந்ததும் ஒரு அளவு, சாக்கெட்டப் போட்டு நாலு மணி நேரம் நடந்தா கொஞ்சம் இளைச்சிருக்கும். டயாலிசிஸ் பண்றவங்களுக்குன்னா கேக்கவே வேணாம், மெஷின்ல உக்கார்றதுக்கு முன்னாடி ஒரு அளவு, எழுந்ததும் வேற அளவு. உடம்பு இப்படி மாறிக்கிட்டே இருக்கும்போது சாக்கெட் மட்டும் கெட்டிப் பிளாஸ்டிக்கா அப்படியே நிக்குது.

அந்த இடைவெளிய நிரப்பறதுக்குத்தான் ஸ்டம்ப் சாக்ஸ். ஒரு ப்ளை, மூணு ப்ளை, அஞ்சு ப்ளைன்னு தடிமன் வாரியா வரும், மேல மேல போட்டுக்கலாம். கால் கழட்டினதும் எத்தன ப்ளை போட்டிருக்கோம்னு தெரிஞ்சிருக்கணும், மத்தியானம் லூசாச்சுன்னா ஒண்ணு சேத்துக்கணும், பையில எப்பவும் ரெண்டு மூணு எக்ஸ்ட்ரா இருக்கணும். கேக்க ரொம்ப சாதாரணமா இருக்கும். ஆனா வலின்னு வர்றவங்கள்ல பாதிக்குப் பாதி பேருக்கு சாக்ஸ் மாத்தினாலே சரியாயிரும்ங்கறது என்னோட அனுபவம், இத எழுதணும்னு உக்காந்ததே இதுக்குத்தான்.

ஒரு அம்மா வந்தாங்க. "தம்பி, முனையில குத்துதுப்பா, கொஞ்சம் உள்ள ராவி விட்டுரு"ன்னாங்க. "எத்தன சாக்ஸ்மா போட்டிருக்கீங்க?" "நீங்க குடுத்த அதே ஒண்ணுதான்." கழட்டச் சொல்லிப் பாத்தேன், முட்டிச்சில்லோட கீழ் விளிம்புல ஒரு செவந்த கோடு, முனைல செவப்பு. தசைநாணத் தாங்க வேண்டிய மேடு சில்லுக்கே போயி இடிச்சிருக்குன்னா ஸ்டம்ப் சாக்கெட்டுக்குள்ள ரொம்ப ஆழமா இறங்குதுன்னு அர்த்தம். மூணு ப்ளை ஒண்ணு சேத்துப் போட்டு நடக்கச் சொன்னேன். ரெண்டு சுத்து நடந்துட்டு, "இப்பக் கால் கொஞ்சம் உயரமாயிருச்சு போல"ன்னாங்க. உயரம் ஆகல, இத்தன நாளா உள்ள இறங்கி இறங்கிக் குட்டையா இருந்துச்சு. அன்னிக்கு அரத்தையோ ஹீட் கன்னையோ நான் தொடவே இல்ல.

அவங்க கேட்டபடி முனைல ராவி விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? சாக்கெட் இன்னும் பெருசாயிருக்கும், ஸ்டம்ப் இன்னும் இறங்கும், வேற இடம் வலிக்கும், அங்கயும் ராவுவோம். சாக்கெட்ல எடுத்தத திரும்பி வைக்க முடியாது, அதனால தான் கடைசிக் கருவி அது. இதுக்கு நேர் எதிரா சாக்ஸ் ஜாஸ்தியானா ஸ்டம்ப் உள்ள போகாது, மேலயே நிக்கும், அப்ப மேடு சில்லுக்குக் கீழ இருக்குற எலும்பு முடிச்சுல அழுத்தும், முனை தொங்கும், கால் நீளமாத் தெரியும், மேல் விளிம்பு கடிக்கும். செவந்த கோடு சில்லு மேலயா, முடிச்சு மேலயா, ரெண்டு விரக்கடை வித்தியாசம்தான், சிகிச்சை ஒண்ணுக்கொண்ணு நேர்மாறு. சாக்ஸ் எண்ணிக்கை பத்துப் பதினஞ்சு ப்ளை வரைக்கும் போயிருச்சுன்னா அப்ப சாக்ஸால சமாளிக்கறது முடிஞ்சுது, புது சாக்கெட் போடணும்.

சாக்ஸ் சரி, அப்பவும் வலிக்குதுன்னா? அப்பவும் நேரா வலிக்கிற இடத்துக்குப் போகாதீங்கன்னுதான் புதுப் பசங்க கிட்ட சொல்லுவேன். ஃபிபுலா குமிழ்ல வலின்னு ஒருத்தர் சொல்றாரு, நிக்கும்போது வலிக்கல, நடக்கும்போது மட்டும் வலிக்குது. அப்ப பாதம் எங்க இருக்குன்னு பாக்கணும். பாதம் சாக்கெட்டுக்குக் கீழ ரொம்ப வெளிப்பக்கமா தள்ளி இருந்தா, ஒவ்வொரு தடவ எடை வைக்கும்போதும் சாக்கெட் சாயும், மேல வெளிப்பக்கமும் கீழ உள்பக்கமும் ஸ்டம்ப நெரிக்கும். மேல வெளிப்பக்கத்துலதான் அந்தக் குமிழ் உக்காந்திருக்கு. பாதத்த சில மில்லிமீட்டர் உள்ள கொண்டுவந்தா வலி போயிரும், சாக்கெட்ல ஒரு கீறல்கூட விழாது.

இத இவ்ளோ சுலபமா பண்ண முடியறதுக்குக் காரணம் 1969ல ஓட்டோ பாக்ங்கற ஜெர்மன் கம்பெனி பேட்டன்ட் வாங்கின பிரமிட் அடாப்டர். தலைகீழா ஒரு சின்ன பிரமிட், அத நாலு பக்கமும் நாலு ஸ்க்ரூ பிடிச்சிருக்கும், ஒரு பக்கம் லூஸ் பண்ணி எதிர்ப்பக்கம் டைட் பண்ணினா மொத்தக் காலும் அந்தப் பக்கம் சாயும், கழட்டாமலே. ஒரு ஆலன் கீ போதும். ஸ்க்ரூவ கால்வாசி சுத்து சுத்தினாலே நடையில வித்தியாசம் தெரியும், அதனால ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும், மாத்திட்டு நடக்க வச்சுப் பாக்கணும், அப்புறம்தான் அடுத்தது. ரெண்ட ஒண்ணா மாத்தினா எது உதவுச்சுன்னு தெரியாமப் போயிரும். எல்லாம் முடிஞ்சதும் ஸ்க்ரூவுக்குப் பசை போட்டு, எவ்ளோ இறுக்கம்னு அளவு காட்டுற டார்க் ரென்ச்ல இறுக்கணும், இத அவசரத்துல விட்டா கொஞ்ச நாள்ல "டக் டக்"னு சத்தம் கேக்குதுன்னு திரும்பி வருவாங்க.

நடையப் பாக்கறதுக்கும் பொறுமை வேணும். நாம பாக்குறோம்னு தெரிஞ்சா எல்லாரும் முதல் ரெண்டு சுத்து பரேடு மாதிரி நடப்பாங்க, பேச்சுக் குடுத்து மறக்கடிச்சாத்தான் நிஜ நடை வரும். முட்டிக்கு மேல வெட்டினவர் ஒருத்தர் நல்ல கால்ல எம்பி எம்பி நடக்குறாருன்னு வைங்க, உடனே செயற்கைக் கால் நீளம்னு முட்டிக்கும் பாதத்துக்கும் நடுவுல இருக்குற குழாய வெட்டத் தோணும். நீளமா இருக்கலாம்தான். ஆனா சாக்கெட் லூசாகி கால் தூக்கும்போது கீழ நழுவினாலும் அப்படித்தான் எம்புவாரு, முட்டி மடங்கி முன்னாடி வருமாங்கற பயம் இருந்தாலும் அப்படித்தான் எம்புவாரு. பின்னாடி நின்னு இடுப்பெலும்பு ரெண்டும் ஒரே மட்டமா இருக்கான்னு கை வச்சுப் பாத்துட்டு, கால் தூக்கும்போது சாக்கெட்டுக்கும் தொடைக்கும் நடுவுல இடம் விடுதான்னு பாத்துட்டு அப்புறம்தான் குழாயப் பத்தி யோசிக்கணும். உக்கார வச்சும் பாக்கணும், நின்னா நல்லா இருக்குற சாக்கெட் உக்காந்தா பின் விளிம்புல கடிக்கும், அதக் கேக்காம அனுப்பினா போற வழில வண்டியிலயே தெரிஞ்சுரும்.

"மேடு ஏறற மாதிரியே இருக்கு சார், ஆனா ரோடு சமமாத்தான் இருக்கு." இத நிறைய பேர் கிட்ட கேட்டிருக்கேன். போன வாரம் வரைக்கும் நல்லா நடந்தவரா இருப்பாரு, இன்னிக்கு வேற செருப்பு போட்டிருப்பாரு. பாதத்த ஒரு குறிப்பிட்ட குதி உயரத்துக்கு செட் பண்ணியிருப்போம், அதவிட தட்டையான செருப்பு போட்டா மொத்தக் காலும் பின்னாடி சாயும், முட்டிய பின்னாடி தள்ளும், மேடு ஏறற உணர்வு. அதவிட உயரக் குதி போட்டா முன்னாடி சாயும், முட்டி மடங்குற மாதிரி இருக்கும், விழுந்துருவோமோன்னு பயம் வரும். 1950கள்ல வந்த சாச் பாதம், இன்னிக்கும் உலகம் முழுக்க ஓடுது, கணுக்கால் அசையாது, குதியில மட்டும் மெத்துன்னு ஒரு ஆப்பு, அதெல்லாம் ஷூவ மனசுல வச்சு செஞ்சது. வெறுங்காலோட நடக்குறவங்களுக்கு இது ஒத்து வராதுன்னுதான் 1968ல டாக்டர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேந்து ரப்பர்ல ஜெய்ப்பூர் பாதத்த செஞ்சாங்க, பாக்க நிஜப் பாதம் மாதிரி, எல்லாப் பக்கமும் வளையும், ஷூ தேவையில்ல. டாக்டர் பேரு மட்டும் தெரிஞ்சு சர்மா பேரு தெரியாதவங்க நிறைய இருக்காங்க, அந்த வருத்தம் எங்க தொழில்ல இருக்குற எல்லாருக்கும் கொஞ்சம் உண்டு.

தோல் விஷயம் வீட்டுலயே பண்ண வேண்டியது. புதுக் கால்னா முதல் நாளே காலைலேருந்து ராத்திரி வரைக்கும் போடக்கூடாது, கொஞ்ச நேரம் போட்டு நடந்து, கழட்டிப் பாத்து, அப்புறம் நாளுக்கு நாள் கூட்டணும். கழட்டினதும் சிவப்பு இருக்கும், பயப்பட வேணாம், எங்க இருக்கு, எவ்ளோ நேரத்துல மறையுதுன்னு பாருங்க. பத்து இருவது நிமிஷத்துல மறைஞ்சா பரவால்ல, அதுக்கப்புறமும் நின்னாலோ கொப்புளம் வந்தாலோ கால ஒதுக்கி வச்சுட்டு எங்ககிட்ட வந்துரணும். சர்க்கரை வியாதில கால் போனவங்களுக்கு இது பத்து மடங்கு முக்கியம், ஏன்னா அவங்கள்ல நிறைய பேருக்கு வலி சரியாத் தெரியாது. "நல்லா இருக்கு தம்பி, ஒரு தொந்தரவும் இல்ல"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க, கழட்டினா முனைல புண்ணு. அதனால அவங்க வாய் சொல்றத நான் பாதிதான் நம்புவேன், தோல் சொல்றதத்தான் முழுசா நம்புவேன். வீட்டுல ஒரு கைக்கண்ணாடி வச்சு முனையையும் பின்பக்கத்தையும் தினம் பாக்கச் சொல்றது, கண்ணு சரியில்லன்னா கூட இருக்குறவங்கள பாக்கச் சொல்றது.

இன்னொரு வலி இருக்கு, அதுக்கு எந்த ஆலன் கீயும் உதவாது. இல்லாத கட்டைவிரல் மடங்கிக்கிட்டு வலிக்குதும்பாங்க, இல்லாத பாதம் எரியுதும்பாங்க. சொல்லக் கூச்சப்படுவாங்க, பைத்தியம்னு நினைச்சுருவாங்களோன்னு. 1871லயே அமெரிக்க மருத்துவர் வெய்ர் மிட்செல் இதுக்கு ஃபான்டம் லிம்ப்னு பேரு வச்சு எழுதிட்டாரு, உள்நாட்டுப் போர்ல கை கால் இழந்த சிப்பாய்ங்கள அவ்ளோ பேரப் பாத்திருந்தாரு. 1990கள்ல விளையனூர் ராமச்சந்திரன் கண்ணாடிப் பெட்டிய வச்சு, இருக்குற கையோட பிம்பத்த இல்லாத கை இருந்த இடத்துல காட்டி மூளைய சமாதானப்படுத்திப் பாத்தாரு, சில பேருக்கு நல்லாவே குறையுது, எல்லாருக்கும் இல்ல. நான் முதல் நாளே நானாக் கேட்டுருவேன், "இல்லாத பாதம் இருக்குற மாதிரி தெரியுதா?"ன்னு. கேட்டதும் தோள் ரெண்டும் தளர்றது தெரியும். ஆனா ஒரு எச்சரிக்கை, சாக்கெட்டப் போட்டா மட்டும் வர்ற வலிய ஃபான்டம்னு சொல்லித் தட்டிக் கழிக்கக் கூடாது, அது பெரும்பாலும் நம்ம சாக்கெட், வெட்டின நரம்போட முனைல வளர்ற முடிச்சுல அழுத்துறதுதான்.

கை பத்தி எழுதினா அது தனிக் கட்டுரை. ஒண்ணு மட்டும் சொல்றேன், விரல் விரலா அசையற எலக்ட்ரானிக் கைய வாங்கிட்டுப் பெட்டிக்குள்ள வச்சிருக்குறவங்களும் உண்டு, கேபிள் இழுத்தா திறக்குற பழைய கொக்கிய தேயத் தேயப் போட்டுக்கிட்டு வேல பாக்குறவங்களும் உண்டு. கொக்கில பிடிமானம் பத்தலன்னா ஒரு ரப்பர் பேண்ட் சேத்துப் போட்டா போதும், எலக்ட்ரானிக் கையில வேர்வை பட்டு, சதையோட சிக்னல எடுக்குற எலக்ட்ரோட் தோல சரியாத் தொடலன்னா அது பாட்டுக்குத் திறந்து மூடும். அங்கயும் கதை சாக்கெட்லதான் வந்து நிக்குது.

அடுத்த தடவ ஃபிட்டிங்குக்கோ சரி பண்ணவோ போறீங்கன்னா, வீட்டுல இருக்குற ஸ்டம்ப் சாக்ஸ் அத்தனையும் பையில போட்டு எடுத்துட்டுப் போங்க, பழசு கிழிஞ்சது உள்பட. தினமும் போடற செருப்ப போட்டுட்டுப் போங்க, நல்ல நாளுக்கு வச்சிருக்குறத இல்ல. வலி எந்த நேரத்துல ஆரம்பிக்குது, அப்ப எத்தன ப்ளை போட்டிருந்தீங்க, நின்னப்பவா நடந்தப்பவா உக்காந்தப்பவான்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக்குங்க. செவந்த இடத்த கழட்டின உடனே போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்குங்க, ஏன்னா எங்ககிட்ட வந்து சேர்றதுக்குள்ள அது பாதி மறைஞ்சிருக்கும். எதிர்ல இருக்குறவர் சாக்ஸப் பத்தி ஒரு வார்த்தையும் கேக்காம நேரா ஹீட் கன்ன எடுத்தாருன்னா, "சார், ஒரு ப்ளை சேத்துப் பாத்துட்டுப் பண்ணலாமா?"ன்னு நீங்களே கேட்டுருங்க.